சூடோமோனாஸ் போட்டும் நெல் இலை காய்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பக்கத்துக் கழனிப் பெரியப்பா கையில் நாலு இலையோடு வரப்பில் வந்து நின்றார். "இன்னாம்மா, நீ சொன்ன பவுடரத்தான் போட்டேன். பாரு, சுட்ட மாதிரி கெடக்குது" என்றார். இலையை வாங்கிப் பார்த்தேன். நுனி காய்ந்திருந்தது, ஆனால் காய்ந்த விதம் சந்தேகமாக இருந்தது. வீட்டிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அது பாக்டீரியா நோயே இல்லை, போர்வெல் தண்ணீரில் ஏறிய உப்பு. மனிதர் மூன்று வாரமாக இல்லாத நோய்க்குத் தெளித்துக்கொண்டிருந்தார்.

நான் குடியிருப்பது தண்டையார்பேட்டையில். குடும்பக் கழனி வெள்ளிவாயல்சாவடி பக்கம். சூடோமோனாஸ் என்பது நெல்லில் இலைக்கருகல் நோயைத் தடுக்கப் போடும் நல்ல பாக்டீரியா, பவுடராக விற்கிறது. மணலி புதுநகர் தாண்டி நாப்பாளையம், மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் நெல் வைக்கிறவர்கள் சொல்லும் "சூடோமோனாஸ் வேலை செய்யலை" என்ற புகாரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் நோய் வேறாக இருக்கும், இல்லாவிட்டால் பவுடர் செத்திருக்கும், இல்லாவிட்டால் நாள் கடந்து போட்டிருப்பார்கள். அதனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், உங்கள் கழனியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள். டம்ளர் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதலில் டம்ளர்

பாக்டீரியா இலைக்கருகல் நோயை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற கிருமி. இலை ஓரத்தில் பயிர் நீர் கசியவிடும் நுண்ணிய துளைகள் உண்டு. அவை வழியாகவும், காற்றிலும் மழையிலும் இலை உரசிக் கீறிய காயங்கள் வழியாகவும் உள்ளே போகிறது. போனதும் பயிரின் தண்ணீர்க் குழாய்களில் பெருகி அவற்றை அடைக்கிறது. அந்தக் குழாயை வெட்டினால் கிருமி வெளியே வழிய வேண்டும். சோதனையின் சூட்சுமம் அவ்வளவுதான்.

காலையில், பனி காய்வதற்குள் போங்கள். மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு இலைத் துண்டை வெட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பகுதி வேண்டாம், அங்கே கிருமி உயிரோடு அதிகம் இருக்காது. தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில், வெட்டிய முனை தண்ணீரில் முங்கும்படி பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெண்மையாக ஒரு இழை இறங்கினால், பாக்டீரியாதான். அப்படியே வைத்திருந்தால் தண்ணீர் கலங்கும். இழை வராவிட்டால் இன்னும் இரண்டு மூன்று இலைகளில் பாருங்கள். ஒன்றிலும் வராவிட்டால் உங்கள் பிரச்சினை வேறு.

ஸ்டீல் டம்ளரில் இது தெரியாது. டீக்கடை கண்ணாடி டம்ளர் போதும்.

நுனியிலிருந்து ஓரமாக அலை அலையாகக் காய்கிறது, டம்ளரில் இழையும் வருகிறது

நோய் இருக்கிறது. இலை விளிம்பில் ஈரக் கோடு போல ஆரம்பித்து, மஞ்சளாகி, வைக்கோல் நிறத்துக்கு மாறி, நெளிநெளியான எல்லையோடு கீழே இறங்கும். விடிகாலையில் புதுக் கருகலின் மேல் பால் துளி மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் அது மஞ்சள் மணியாக இறுகிவிடும்.

இந்த நேரத்தில் எல்லோரும் கேட்பது, "இப்ப சூடோமோனாஸ் அடிச்சா நின்னுடுமா?" என்பது. இலைக்குள் குழாயில் உட்கார்ந்துவிட்ட கிருமியை, வெளியே தெளித்த நுண்ணுயிர் போய்ப் பிடித்து இழுத்துவராது. காய்ந்த இலை காய்ந்ததுதான். புதிதாக வரும் இலைகளையும், இன்னும் நோய் தொடாத குத்துகளையும் (நெல் தூர்களையும்) காப்பாற்றத்தான் இப்போது தெளிக்கிறோம்.

அது எப்படிக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தால் எப்போது போட வேண்டும் என்பதும் தானாகப் புரியும். சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்பது வேரைச் சுற்றியுள்ள மண்ணில் இயல்பாக வாழும் பாக்டீரியா. மீஞ்சூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல, வேரிலும் இலைப் பரப்பிலும் அது முதலில் போய் இடம் பிடிக்கிறது. கிருமிகளுக்குத் தேவையான இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரந்து, மற்றவைக்கு இரும்பு கிடைக்காமல் செய்கிறது. அந்தப் பொருள்தான் புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும், பெயரில் ஃப்ளூரசன்ஸ் வந்ததும் அதனால்தான். எதிரியைத் தாக்கும் சில வேதிப்பொருள்களையும் வெளியிடுகிறது. எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. வேரில் அது குடியேறியதும் பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. வேரில் போட்டது இலையைக் காப்பது இப்படித்தான். ஆனால் அப்படி விழிக்கச் சில நாட்கள் வேண்டும். நோய் வந்து கதவைத் தட்டும்போது விழிக்கச் சொன்னால் தாமதம்.

இப்போது செய்ய வேண்டியவை. கழனியில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள், அதுவும் உங்களுக்குக் கீழே உள்ளவர் கழனி வழியாக அல்லாமல் வடிகாலில். நோய் தண்ணீரோடு போகும். யூரியாவைக் கையில் தொடாதீர்கள். மேலுரம் நிலுவையில் இருந்தால் தள்ளிப்போடுங்கள். தழைச்சத்து ஏறிய கரும்பச்சை இலை இந்தக் கிருமிக்கு விருந்து. பனி ஈரம் இருக்கும்போது கழனிக்குள் ஆள் இறங்கி நடக்க வேண்டாம், களை பறிக்க வேண்டாம்.

மாலை நாலரைக்கு மேல் சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் தெளியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம். பத்து நாள் கழித்து மறுபடி, தேவைப்பட்டால் மூன்றாம் முறை. இதற்கு நடுவில் புதுச் சாணக் கரைசலும் தெளிக்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே 20 சதவீதச் சாணக் கரைசல் இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ புதுச் சாணம், கரைத்துத் தெளியவைத்து, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்ட வேண்டும். ஒரு தரம் மட்டும் வடித்தால் நாசில் அடைத்துக்கொண்டு பொழுது போய்விடும்.

கடையில் "இதையெல்லாம் விடுங்க, ஸ்ட்ரெப்டோமைசின் பாக்கெட் ஒண்ணு அடிங்க" என்று சொல்வார்கள். அது காசநோய்க்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்து. கழனியில் அடித்தால் மண்ணிலும் தண்ணீரிலும் அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் வளரும். பயிரில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் பயன்பாட்டை நிறுத்த மத்திய அரசு 2021-இலேயே வரைவு ஆணை வெளியிட்டது. இந்தக் கழனித் தண்ணீர் வடிந்து போவது கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும். அங்கே இறால் பிடிக்கிறவர்கள் அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்று வேலை செய்கிறார்கள். நான் அந்தப் பாக்கெட்டை வாங்குவதே இல்லை.

டம்ளரில் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் நுனி காய்கிறது

இந்தப் பக்கத்தில் முதல் சந்தேகம் உப்பு. சென்னைக் குடிநீருக்காக 1960-களின் முடிவிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி கிணற்றுத் தொகுதிகளில் இறைத்த இறைப்பில் நிலத்தடி நீர் இறங்கி, கடல் நீர் உள்ளே நுழைந்தது. கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் போரிலும் உப்பு கரிக்கிறது. நெல்லும் உப்பை அதிகம் தாங்கும் பயிர் கிடையாது. மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மகசூல் குறைய ஆரம்பிக்கும்.

உப்பில் நுனி வெளுத்துக் காயும். விளிம்பில் அந்த நெளிநெளியான மஞ்சள் கோடு இருக்காது. கழனி முழுக்க ஒரே சீராகவும் இருக்காது, மேடான இடத்தில் திட்டுத் திட்டாகக் குத்துகள் கட்டையாக நிற்கும். தண்ணீர் வற்றிய பிறகு வரப்போரம் வெள்ளை பூத்திருக்கும். மழை நன்றாகப் பெய்தால் புது இலை பச்சையாக வரும். நோயாக இருந்தால் மழைக்குப் பிறகு மோசமாகும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி குழப்பம் தீரும். பெரியப்பா கழனியில் நடந்தது இதுதான். ஏரித் தண்ணீர் வந்த பாதி நன்றாக இருந்தது, போர் பாய்ந்த பாதி சுட்டுப்போயிருந்தது. மருந்து எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீர் கட்டி வடித்து, மறுபடி கட்டி வடிக்க வேண்டும். அந்தப் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

அடுத்து துத்தநாகப் பற்றாக்குறை. நட்ட இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள், கீழ் இலைகளில் துரு பிடித்தது போலப் பழுப்புப் புள்ளிகள் வரும், நடு நரம்பின் அடிப்பக்கம் வெளுக்கும், பயிர் வளராமல் நிற்கும். எப்போதும் தண்ணீர் தேங்கும் கழனியிலும் களர் மண்ணிலும் அதிகம். அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. விட்டுப்போயிருந்தால் 0.5 சதவீத துத்தநாக சல்பேட்டும் 1 சதவீத யூரியாவும் கலந்து தெளிப்பது வழக்கம். இதில் யூரியா இருக்கிறது, கவனியுங்கள். இலைக்கருகல் இருக்கும் பயிரில் துத்தநாகக் குறை என்று நினைத்து இதை அடித்தால் நோய்க்குச் சோறு போட்டது போல ஆகிவிடும். டம்ளர் சோதனை முதலில் என்று நான் அடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய இலைகளில் மட்டும் நுனியும் விளிம்பும் மஞ்சள் பழுப்பாக இருந்தால் சாம்பல் சத்து போதவில்லை. பொட்டாஷ் குறைந்த பயிரை இலைக்கருகலும் சீக்கிரம் பிடிக்கும், அதனால் இரண்டும் சேர்ந்தே வருவது உண்டு. குத்து முழுக்க ஆரஞ்சு மஞ்சளாகிக் குட்டையாக நின்றால் துங்ரோ, அது வைரஸ், பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவருவது. அதைப் பூச்சியின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இலை சாம்பல் பூசியது போல வெளிறியிருந்தால் ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் காற்று திரும்பினால் கரிச் சாம்பல் வந்து படிகிறது. துடைத்தால் போய்விடும் வெளுப்பை நோய் என்று எண்ணி ஒருவர் மருந்து வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நட்ட சில வாரத்தில் குத்து குத்தாக வாடிச் சாகிறது

இதில் இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று தண்டுத் துளைப்பான், இன்னொன்று இதே இலைக்கருகல் கிருமியின் இளம்பயிர் வாடல். நடுக்குருத்தைப் பிடித்து இழுங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் புழு. வராமல் அடம் பிடித்தால், செடியைப் பிடுங்கி அடித்தண்டை வெட்டி இரண்டு விரலால் பிதுக்குங்கள். மஞ்சளான பிசுபிசுப்பு வந்தால் கிருமி.

வாடல் வந்தால் அந்தக் குத்துகளைப் பிடுங்கிக் கழனிக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள், வரப்பில் போடாதீர்கள். அப்புறம், எங்கே நடந்தது தவறு என்று திரும்பிப் பாருங்கள். அநேகமாக நாற்று நட்ட அன்று. நாற்று உயரமாகிவிட்டால் நுனியைக் கிள்ளி நடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கிள்ளிய நுனி ஒவ்வொன்றும் ஒரு திறந்த காயம். ஒரு நோயுள்ள நாற்றைக் கிள்ளிய கை அடுத்த ஆயிரம் நாற்றுக்கும் கிருமியைப் பூசிவிடும். நடவுக்கு வரும் அக்காமார்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் ஒரு முறை சொல்ல மறந்து, கால் ஏக்கரை இழந்தேன்.

விதை நேர்த்தி செய்தேன், ஆனாலும் வந்துவிட்டது

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சரியான முறை: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் தண்ணீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்க வேண்டும். பத்து நிமிடம் புரட்டி எடுத்து வெயிலில் உலர்த்துவது விதை நேர்த்தி ஆகாது. நேர்த்தி செய்த விதையை வெயிலில் காட்டவே கூடாது.

இரண்டாவது கேள்வி, அதோடு நிறுத்திவிட்டீர்களா? விதைக்குப் போட்டது முளையில் குடியேறும், அறுவடை வரை அது மட்டும் தாங்காது. நாற்றுப் பிடுங்கி நடுவதற்கு முன், கழனி ஓரத்தில் பத்து சதுர மீட்டர் பாத்தி கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு, ஒரு ஏக்கர் நாற்றுக்கு ஒரு கிலோ கரைத்து, வேர் அரை மணி நேரம் நனைய வைக்க வேண்டும். எனக்குக் கேட்டால் எல்லாப் படிகளிலும் இதுதான் காசுக்கு அதிகப் பலன் தருவது, ஆட்கள் அதிகம் தாண்டிப் போவதும் இதைத்தான். நடவு ஆள் வந்து காத்திருக்கும்போது அரை மணி நேரம் மலையாகத் தெரியும். முதல் நாள் மாலையே பாத்தி கட்டிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. நட்ட முப்பதாம் நாள் ஒரு கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து வீச வேண்டும். 45-ஆம் நாளிலிருந்து இலைத் தெளிப்பு.

மூன்றாவது, நேர்த்தி செய்த தண்ணீர் எது? இது வட சென்னைக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது. மாதவரத்திலும் மணலியிலும் வீட்டில் விதை ஊறவைத்துக் கழனிக்கு எடுத்துப்போகிறவர்கள் மெட்ரோ வாட்டரில் கரைக்கிறார்கள். அதில் கிருமி சாக வேண்டும் என்றுதான் குளோரின் போடுகிறார்கள், நம் நல்ல கிருமிக்கும் அதே கதிதான். வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ கிடைத்தால் இன்னும் நல்லது. லாரித் தண்ணீரை நம்ப வேண்டாம், மூக்கில் மருந்து வாடை அடித்தால் நிச்சயமாக வேண்டாம்.

பவுடர் மேல் சந்தேகம்

சூடோமோனாஸ் பவுடர் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி டால்க், அதாவது முகப் பவுடரில் இருக்கும் அதே மாக்கல் தூள். உயிர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாக்கெட்டில் சி.எஃப்.யூ. என்று ஒரு எண் போட்டிருக்கும். 10-க்கு மேல் சிறிதாக 8 என்று இருந்தால் கிராமுக்குப் பத்து கோடி உயிர் என்று அர்த்தம். அது பொதி கட்டிய நாளின் கணக்கு. நாளாக ஆகக் குறையும், சூட்டில் மிக வேகமாகக் குறையும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னலோரமாக அடுக்கி வைத்த கடையில் வாங்கிய பாக்கெட்டில் உயிர் இருக்குமா என்பது சந்தேகம். தேதி சரியாக இருந்தாலும்தான். எனக்கே நடந்தது. தேதி பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பாக்கெட் கையில் சுடுகிறதே என்று அப்போது தோன்றவில்லை. அந்த நவரைப் பட்டம் முழுக்கப் போட்டும் போடாததும் ஒன்றாக இருந்தது. இப்போதெல்லாம் மூன்று விஷயம் பார்க்கிறேன். தயாரித்த நாளிலிருந்து காலாவதி வரை உள்ள காலத்தில் பாதிக்கு மேல் கடந்திருந்தால் வாங்குவதில்லை. பாக்கெட் கட்டி கட்டியாக இருந்தாலோ, திறந்ததும் அழுகிய வாடை வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பூச்சிமருந்து டின்னோடு சேர்த்து அடுக்கியிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போவதில்லை.

உயிர் இருக்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. ஆய்வுக்கூடத்தில் கிங்ஸ் பி என்ற ஊட்டத்தில் வளர்த்து, புற ஊதா விளக்கில் ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்லம் கலந்து நுரை வருகிறதா பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். நுரை வேறு கிருமி பெருகினாலும் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேவையான அளவை மட்டும், தேவைப்படும் வாரத்தில் வாங்குவதுதான் பாதுகாப்பு. வாங்கியதை வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டு ஊர் சுற்ற வேண்டாம். வீட்டில் தண்ணீர்ப் பானை பக்கம் நிழலாக வையுங்கள்.

சரியாகத் தெளித்தும் பலனில்லை

டேங்கில் வேறு என்ன இருந்தது? காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிர மருந்து சூடோமோனாஸைக் கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசினும் கொல்லும். இதோடு சேர்த்துக் கலக்கியிருந்தால் இரண்டு காசும் வீண். கலக்கவில்லை, நேற்று தாமிரம் அடித்த டேங்கை ஒரு தரம் அலசிவிட்டு இதை ஊற்றினேன் என்றாலும் பலன் குறையும். சூடோமோனாஸுக்கென்று ஒரு கைத்தெளிப்பான் தனியாக வைத்துக்கொள்ள முடிந்தால் வையுங்கள். முடியாதவர்கள் மூன்று தரம் நன்றாகக் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். மடையில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை கட்டும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அதைச் செய்த கழனியில் மண்ணுக்குப் போட்ட நுண்ணுயிர் பிழைப்பது கஷ்டம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களோடு மட்டும் தைரியமாகக் கலக்கலாம்.

எத்தனை மணிக்குத் தெளித்தீர்கள்? பத்து மணி வெயிலில் இலை மேல் விழுந்த பாக்டீரியா காய்ந்தே செத்துவிடும். மாலைதான் சரி. ராத்திரி முழுக்கப் பனி ஈரம் கிடைத்து இலையில் பிடித்துக்கொள்ளும். ஆறின சோற்றுக் கஞ்சியை டேங்குக்கு ஒரு டம்ளர் நன்றாக வடிகட்டிச் சேர்த்தால் ஒட்டும். தெளித்து இரண்டு மணி நேரத்தில் மழை பெய்துவிட்டால் மறுபடி தெளிக்கத்தான் வேண்டும், வருத்தமாக இருந்தாலும்.

கழனியின் ஒரு மூலையில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது

மூலையில் போய் நின்று மேலே பாருங்கள், பிறகு கீழே பாருங்கள். மேலே மர நிழலா? நிழலில் பனி காய நேரமாகும், கிருமிக்கு அது வசதி. கீழே மடையா? மேல் கழனித் தண்ணீர் நுழையும் இடத்தில் நோய் ஆரம்பித்தால், வருவது தண்ணீரோடு. மேல் கழனிக்காரரோடு பேசுங்கள், அவரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். யூரியா மூட்டையை வழக்கமாக இறக்கி வைக்கும் மூலையா? அங்கே சிந்தியதே போதும்.

வெள்ளம் வடிந்த பிறகு எல்லாம் மஞ்சள்

பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை நாப்பாளையத்தையும் வெள்ளிவாயலையும் தேடி வரும். 2015-இலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். முங்கி எழுந்த பயிர் மஞ்சளாகத்தான் இருக்கும். வேருக்கு மூச்சு இல்லை, அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் காற்று இலையைக் கீறியிருக்கும், வெள்ளம் ஊர்க் கிருமியை எல்லாம் கொண்டுவந்திருக்கும், 25-லிருந்து 34 டிகிரி வெப்பமும் ஈரக் காற்றும் இந்த நோய்க்குப் பொருத்தமானவை. அதனால் வெள்ளத்துக்குப் பிந்தைய பத்து நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

மஞ்சளைக் கண்டதும் யூரியா வீசுவது எல்லோருக்கும் கை தானாகச் செய்யும் வேலை. பொறுங்கள். முதலில் தண்ணீரை முழுக்க வடியுங்கள். இலையில் படிந்த சேற்றை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவ முடிந்தால் கழுவுங்கள், சேற்றின் மேல் தெளித்தால் சூடோமோனாஸ் இலையைத் தொடாது. புதுக் குருத்து ஒன்று வெளியே வந்ததும் டம்ளர் சோதனை. இழை இல்லாவிட்டால் தழைச்சத்தைச் சிறு சிறு தவணையாக, பொட்டாஷோடு சேர்த்துக் கொடுக்கலாம். இழை வந்தால் யூரியா இல்லை. இரண்டிலும் சூடோமோனாஸ் தெளிப்பு உண்டு. மண்ணுக்கு முப்பதாம் நாள் போட்டதை வெள்ளம் அடித்துப் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, எருவில் கலந்து மறுபடி வீசுங்கள்.

கதிர் வந்த பிறகு கொடி இலை கருகுகிறது

பால் பிடிக்கும் நேரத்தில் கொடி இலை, அதாவது கதிரை ஒட்டிய கடைசி இலை, போனால் மணி பதராகும். இந்தக் கட்டத்தில் நுண்ணுயிரால் பெரிதாக மீட்க முடியாது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. தண்ணீரை அளவோடு வைத்துப் பயிரைச் சாயாமல் பார்த்துக்கொண்டு, இருக்கிறதை அறுங்கள்.

வருஷா வருஷம் வருகிறது

அப்படியானால் கேள்வி ரகத்தைப் பற்றியது. பாபட்லா என்று செங்குன்றம் மண்டியில் நல்ல விலை போகும் பி.பி.டி. 5204 இந்த நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம். விலைக்காக வைக்கிறோம், தவறில்லை, ஆனால் அந்த ரகத்துக்கு நுண்ணுயிர் ஒரு படியும் விடுபடாமல் வேண்டும். ஐதராபாத்தில் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, அதே ரகத்தில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று 2008-இல் வெளியிட்டார்கள். அரிசியின் சன்ன வாட்டம் மாறவில்லை. மரபணு மாற்றுப் பயிர் இல்லை, ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டித் தேர்ந்தெடுத்தது. வருஷம் தவறாமல் நோய் வரும் கழனிக்காரர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய் விதை பற்றிக் கேளுங்கள். அப்படிப் போகும்போது நோய் இலையைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் செய்தித்தாளில் மடித்து எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக்கில் வேர்த்து அழுகிவிடும், அவர்களால் எதையும் பார்க்க முடியாது.

அறுத்த பிறகு தாள் கட்டையை அப்படியே விட்டு, அதில் மறுதாம்பு தழைய விடாதீர்கள். கிருமி அதிலும், வரப்பில் நிற்கும் புல் களைகளிலும் தங்கி அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். மடக்கி உழுது, தண்ணீர் கட்டி மக்கவிடுங்கள். நோய் வந்த கழனியில் நன்றாக விளைந்த மூலை என்று பார்த்து விதைக்கு எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தால், இந்த ஒரு வருஷம் வேண்டாம். விதையை வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்.